தெரியுமா? நிற்குமா?



கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போகாதே என்பார்கள். நான் இன்று அதைத்தான் செய்ய வந்திருக்கிறேன். திருப்பூரில் நின்றுகொண்டு தையலைப் பற்றிப் பேசப் போகிறேன்! இந்த மண்டபத்தில் கட்டிங் மாஸ்டர்கள் இருப்பீர்கள். கைமடியாக, அதாவது உதவியாளாகச் சேர்ந்து டெய்லர் ஆனவர்கள் இருப்பீர்கள். ஓவர்லாக் சத்தத்தில் காது மரத்தவர்கள், செக்கிங் மேசையில் நின்று நின்று கால் வீங்கியவர்கள் இருப்பீர்கள். உங்கள் முன்னால் ஓய்வு பெற்ற ஒரு கணக்கு டீச்சருக்கு என்ன வேலை?

ஒரே ஒரு தைரியம்தான். நீங்கள் புதுத்துணி தைப்பவர்கள். நான் பேச வந்தது பழைய துணியைப் பற்றி. நீங்கள் ஆயிரம் பீஸ், பத்தாயிரம் பீஸ் என்று எண்ணுகிறவர்கள். நான் பேச வந்தது ஒரே ஒரு ஓட்டையைப் பற்றி. கிழிந்த துணியைக் கையால் தைக்க உட்காரும்போது, எல்லாம் பிசிறில்லாமல் இருந்தே தீர வேண்டும் என்ற நம்முடைய பிடிவாதம் என்ன ஆகிறது? இதுதான் இன்றைய பொருள்.

இப்படிப் பொருள் சொன்னதும், உடைந்த கிண்ணத்தை ஒட்டி, ஒட்டிய இடத்தில் தங்கம் பூசும் ஜப்பானியக் கலையைப் பற்றிச் சொல்லப் போகிறேன் என்று சிலர் நினைத்திருப்பீர்கள். சொல்லப் போவதில்லை. என்னிடம் தங்கம் இல்லை. ஊசியும் நூலும்தான் இருக்கின்றன.

முதலில் நான் யார் என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முப்பத்து நான்கு வருடம் கணக்குப் பாடம் நடத்தியவள். விடை சரியாக இருந்தாலும் நடுவில் ஒரு படியை விட்டிருந்தால் அரை மதிப்பெண் குறைத்தவள். ஒரு பிள்ளை 99 வாங்கி, முகமெல்லாம் சிரிப்பாகப் பேப்பரை நீட்டும்போது, நாம் என்ன கேட்போம்? சொல்லுங்கள், என்ன கேட்போம்? "அந்த ஒரு மார்க் எங்க போச்சு?" நான் கேட்டிருக்கிறேன். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, நூறு தடவை கேட்டிருக்கிறேன். அந்தக் கேள்வியில் பிள்ளையின் சிரிப்பு அணைவதைப் பார்த்தும் கேட்டிருக்கிறேன். அது கண்டிப்பு என்றும் அக்கறை என்றும் நினைத்திருந்தேன். 99 என்பது அந்தப் பிள்ளை நெய்த துணி. நான் அதைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் ஓட்டை தேடிக்கொண்டிருந்தேன்.

என் அம்மா பள்ளிக்கூடத்துக்கு அதிகம் போனவளில்லை. ஆனால் எங்கள் வீட்டில் கிழிந்த துணி எதுவும் அவள் கையைத் தாண்டிப் போனதில்லை. அப்பாவின் சட்டைக் காலர் மடிப்பில் நைந்துபோகும். அம்மா காலரைப் பிரித்து, நைந்த பக்கம் உள்ளே போகும்படி திருப்பி வைத்துத் தைப்பாள். சட்டைக்கு இன்னொரு இரண்டு வருடம் ஆயுள் வரும். என் பள்ளிப் பாவாடையைத் தைக்கக் கொடுக்கும்போதே "வளர்ற புள்ள, உள்ள நல்லா துணி விட்டுத் தைங்க" என்று சொல்லி, கீழே மூன்று டக் பிடித்துத்தான் வாங்குவாள். வருடத்துக்கு ஒரு டக்கை அவிழ்ப்பாள். அவிழ்த்த இடத்தில் வெயில் படாத நீலம் ஒரு கோடாகத் தெரியும். ஆறாம் வகுப்பில் ஒரு கோடு, ஏழில் இரண்டு, எட்டில் மூன்று. மரத்தை அறுத்தால் வளையம் தெரியுமே, அது மாதிரி. யாரும் என் வயதைக் கேட்க வேண்டியதில்லை, பாவாடையைப் பார்த்தால் போதும்.

சேலைக்கும் ஒரு வாழ்க்கை இருந்தது. உடுத்திய சேலை நடுவில் இற்றுப்போனால் இரண்டாகக் கிழித்து, ஓரம் நடுவில் வரும்படி மாற்றி மூட்டுவாள். அதுவும் போன பிறகு தூளி. தூளியில் என் தம்பி தூங்கினான். தூளி தலையணை உறை ஆனது. உறை கரித்துணி ஆனது. கடைசியில் வாசலில் மிதியடியாகக் கிடந்தது. அந்த மிதியடியில் கால் துடைக்கும்போது கரையை வைத்து, இது அம்மா எந்தக் கல்யாணத்துக்குக் கட்டிய சேலை என்று சொல்லிவிடுவேன்.

பன்னிரண்டு பதிமூன்று வயது வந்ததும் எனக்கு வெட்கம் வந்துவிட்டது. அம்மா தைத்ததைக் கையில் வாங்கியதும் நான் கேட்கும் முதல் கேள்வி, "அம்மா, தெரியுமா?" தையல் வெளியே தெரியுமா? பக்கத்தில் உட்காருகிறவளுக்குத் தெரியுமா? வெளிச்சத்தில் தெரியுமா? அம்மா தைத்த இடத்தை இரண்டு கையாலும் பிடித்து ஓர் இழுப்பு இழுத்துப் பார்ப்பாள். "தெரிஞ்சா என்ன கண்ணு? நிக்குமா நிக்காதா, அதப் பாரு."

தையல் நிற்பது. இது உங்கள் தொழில் பேச்சு. "இந்தத் துணியில தையல் நிக்காதுங்க" என்று டெய்லர் சொன்னால் வாயை மூடிக்கொண்டு வேறு துணி எடுக்க வேண்டியதுதான். ஆக, இரண்டு கேள்விகள். தெரியுமா? நிற்குமா? என் அம்மாவின் கேள்வி எது, என் கேள்வி எது என்று பார்த்தீர்களா? என் கேள்வி எவ்வளவு கொடியதாக முடியும் என்பதை அன்று நான் அறியவில்லை. ஒரு பையன் எனக்குக் கற்றுக் கொடுத்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். கிராமத்துப் பள்ளிக்கூடம், ஒன்பதாம் வகுப்பு. கடைசி பெஞ்சில் சுவரை ஒட்டி ஒரு பையன். வெள்ளைச் சட்டை, காக்கி டவுசர். கரும்பலகையில் கணக்கை எழுதிவிட்டு அவனைக் கூப்பிட்டேன். எழுந்து நின்றான், நகரவில்லை. "விடை தெரியுமா?" என்றேன். தலையைக் குனிந்தான். "தெரியுமா, தெரியாதா?" "தெரியாதுங்க டீச்சர்." மறுநாளும் கூப்பிட்டேன், அதே பதில். மூன்றாம் நாளும் அதே. பரீட்சை வந்தது. 96 வாங்கியிருந்தான்! எனக்கு என்ன தோன்றியிருக்கும்? காப்பி அடித்திருக்கிறான் என்று தோன்றியது. வகுப்பில் எல்லோர் முன்னாலும் கேட்டும் விட்டேன். பையன் அழவில்லை. சுவரோடு சுவராக முதுகை ஒட்டிக்கொண்டு நின்றான்.

பள்ளிக்கூட ஆயாம்மாதான் சாயங்காலம் வந்து சொன்னார்கள். "அந்தப் பையனைத் திட்டாதீங்க டீச்சர். டவுசரு பின்னாடி தபால்பெட்டிங்க. சுவத்தை விட்டு எப்படி நகருவான்?"

தபால்பெட்டி! இங்கே ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியும். உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த டவுசரின் பின்பக்கம் கிழிந்து வாயைத் திறந்தால், பையன்கள் வைத்த பெயர் அது. கடிதம் போடுகிறேன் என்று காகிதத்தைச் செருகுவார்கள். அந்தப் பையனுக்கு விடை தெரியும். நான் "தெரியுமா?" என்று கேட்டபோதெல்லாம் அவன் காதில் விழுந்தது வேறு "தெரியுமா?". பலகைக்குப் போனால் தெரியுமா? திரும்பி நின்றால் தெரியுமா? நம் மொழியில் அறிவதற்கும் வெளியே புலப்படுவதற்கும் ஒரே சொல்தான். அந்த ஒரு சொல்லை வைத்து மூன்று நாள் அவனைக் குத்திக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மதியம் அவனை ஆயாம்மாவிடம் அனுப்பினேன். அவர்கள் இடுப்பில் ஒரு துண்டைக் கட்டச் சொல்லி டவுசரை வாங்கினார்கள். உடுத்தியபடியே தைக்கக் கூடாது என்பது நம் வழக்கமாயிற்றே. காக்கி நூல் இல்லை. இருந்தது வெள்ளை நூல். பத்து நிமிடத்தில், உள்ளே ஒரு துண்டுத் துணி வைத்து, நெருக்கமாக ஓட்டுத் தையல் போட்டுக் கொடுத்தார்கள். காக்கியில் வெள்ளைத் தையல்; வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்தே தெரிந்தது. ஆனால் நின்றது. பையன் பலகைக்கு வந்தான். வெள்ளைத் தையலைப் பார்த்து இரண்டு பேர் சிரித்தார்கள். அவனும் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். கணக்கைப் போட்டான். நடுவில் கூட்டல் குறியைக் கழித்தலாக்கிவிட்டான். அழித்தான். மறுபடி போட்டான். சரியாக வந்தது.

கிழிசல் இருந்தவரை அவன் ஒளிந்துகொண்டிருந்தான். கிழிசல் மறையவில்லை, தைக்கப்பட்டது, அவ்வளவுதான். அது போதுமாக இருந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் மேலே போனால் நான் நேர்மையற்றவள். ஒட்டுப் போட்ட துணி அழகு, அது ஒரு கலை என்று இன்று நகரங்களில் பேசுகிறார்கள். கிழிந்த ஜீன்ஸை விலை கொடுத்து வாங்கவும் செய்கிறார்கள். அலமாரியில் வேறு பத்துச் சட்டை தொங்கும்போது பதினோராவதில் ஒட்டுப் போடுவது சுலபம். ஒரே டவுசர் வைத்திருந்தவனுக்கு ஒட்டு அழகாக இருக்கவில்லை, அவமானமாக இருந்தது. நல்ல துணி உடுத்துவதையே சில மனிதர்களுக்கு மறுத்த தெருக்கள் நம் ஊர்களில் இருந்தன. ஆகவே "பழையதை உடுத்துங்கள்" என்று யாருக்கும் உபதேசம் செய்ய நான் வரவில்லை. புதுச்சட்டைக்கு ஏங்குகிறவருக்குப் புதுச்சட்டை கிடைக்கட்டும். நான் பேசுவது சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பற்றி. டவுசர் கிழியாதவர்களும் எத்தனை பேர் அப்படி நிற்கிறோம்!

பிசிறு என்ற சொல்லுக்கு வருகிறேன். கச்சேரி கேட்டுவிட்டு "குரலில் பிசிறே இல்லை" என்கிறோம். நல்ல வேலையை "பிசிறில்லாத வேலை" என்கிறோம். குறையே இல்லாமைக்குத் தமிழன் கண்டுபிடித்த உவமை துணியிலிருந்து வந்தது போலத் தோன்றுகிறது. பிசிறு என்றால் உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா? தையல் முடிந்த ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல். பிசிறு வெட்டுவதே இந்த ஊரில் ஒரு வேலை. சின்னக் கத்தரியோடு திண்ணையில் உட்கார்ந்து பீஸ் கணக்கில் பிசிறு வெட்டி வீட்டுக்கு அரிசி வாங்கிய பெண்கள் இந்த மண்டபத்திலேயே இருப்பீர்கள்.

அதன் பிறகு செக்கிங் மேசை. ட்யூப்லைட் வெளிச்சத்தில் பனியனை விரித்து, உள்ளும் வெளியும் புரட்டி, ஓர் எண்ணெய்க் கறை, ஒரு தையல் விடுபாடு, குண்டூசி முனை அளவு ஓட்டை, எது இருந்தாலும் பக்கத்தில் ஓர் அம்புக்குறி ஸ்டிக்கர். பார்த்திருக்கிறீர்களா அந்த அம்பை? பனியன் முழுவதும் நன்றாக இருக்கிறது என்று அந்த அம்பு சொல்லாது. இங்கே பார், இங்கே குறை, என்று மட்டும் சொல்லும். சரிசெய்ய முடிந்தது திரும்பிப் போகும், முடியாதது ரிஜெக்ட். ஏற்றுமதிக்கு மிஞ்சியவை எத்தனையோ காதர்பேட்டைக் கடைகளுக்கு வந்து சேரும். அங்கே ஒரு தாய் பேரம் பேசி வாங்கி, பிள்ளைக்குப் போட்டு, பிள்ளை அதில் தீபாவளி கொண்டாடும். ஜெர்மனிக்காரனுக்கு ஆகாத ஓட்டை அந்தப் பிள்ளையின் கண்ணுக்கே படாது.

செக்கிங் மேசையை நான் குறை சொல்லவில்லை. காசு கொடுத்து வாங்குகிறவன் கேட்கிறான். நாம் தர வேண்டும். அது வியாபாரம். ஆனால் ஷிப்ட் முடிந்ததும் அந்த மேசையை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருகிறோமே, அதைத்தான் கேட்கிறேன். பெற்ற பிள்ளை மேல் அம்பு. வந்த மருமகள் வைத்த ரசத்தின் மேல் அம்பு. ராத்திரி கண்ணாடி முன்னால் நின்றால் நம் மேலேயே அம்பு.

கனடாவைச் சேர்ந்த இரண்டு உளவியலாளர்கள், பால் ஹெவிட், கார்டன் ஃபிளெட், 1991-இல் இந்தக் குறையில்லா மோகத்தை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள். என்னிடமே நான் எதிர்பார்ப்பது ஒன்று. பிறரிடம் நான் எதிர்பார்ப்பது இன்னொன்று. மூன்றாவதுதான் விசேஷம்: நான் குறையே இல்லாமல் இருக்க வேண்டும் என்று பிறர் எதிர்பார்க்கிறார்கள் என நான் நினைத்துக்கொள்வது. பிறகு தாமஸ் கரன், ஆண்ட்ரூ ஹில் என்ற இருவர், 1989 முதல் 2016 வரை அமெரிக்கா, கனடா, பிரிட்டன் நாடுகளில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்கள் தந்த பதில்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். மூன்றும் கூடியிருந்தன. மிக அதிகமாகக் கூடியது எது? அந்த மூன்றாவது. 33 சதவீதம். ஊர் என்ன நினைக்கும் என்ற நினைப்பு. சுருக்கமாகச் சொன்னால், "தெரியுமா?". நம் ஊர்ப் பிள்ளைகளை அவர்கள் எண்ணவில்லை. நம் ஊர்ப் பிளஸ் டூ ரிசல்ட் நாளன்று ஒரு வீட்டில் போய் உட்கார்ந்தால் போதும், எண்ண வேண்டிய அவசியமே இருக்காது.

சரி, நம் பழைய இலக்கியத்தில் யாராவது கிழிசலைப் பார்த்திருக்கிறார்களா? பார்த்திருக்கிறார்கள். பத்துப்பாட்டில் பொருநராற்றுப்படை. பாடியவர் முடத்தாமக்கண்ணியார். ஏழைக் கலைஞனான பொருநன் ஒருவன் சோழ மன்னன் கரிகால் வளவன் முன் வந்து நிற்கிறான். அவன் உடம்பில் இருந்த துணியைப் புலவர் ஒளிக்கவில்லை. பேனும் ஈரும் குடியிருக்கிறது, வேர்வையில் நனைந்திருக்கிறது, வேறு இழை நுழைந்து தைத்த கந்தல் என்கிறார். வேற்றிழை! துணியின் நூல் ஒன்று, தைத்த நூல் வேறொன்று. ஆயாம்மாவின் வெள்ளை நூல் மாதிரி. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே அந்த வேற்று நூல் ஒரு புலவரின் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. தைப்பதற்கு அவர் ஆளும் சொல் துன்னல். சிலப்பதிகாரத்திலும் புகார் நகரத் தெருவில் துன்னகாரர் வருகிறார்கள், அவர்கள் தையற்காரர்கள். அருமையான சொல், எப்படியோ கைநழுவ விட்டுவிட்டோம்.

கரிகாலன் என்ன செய்தான்? அந்தக் கந்தலைக் களையச் செய்து புத்தாடை கொடுத்தான். நெசவு போன வழியில் பார்வையே நுழைய முடியாத நுண்மையான ஆடை, பாம்புச் சட்டை போல் மெல்லியது. இரண்டு இடத்திலும் புலவர் நுழைதல் என்ற சொல்லையே ஆள்கிறார், கவனித்தீர்களா? குறையில்லாத ஆடையில் பார்வைகூட நுழைய முடியவில்லை. கிழிந்த ஆடையில் இன்னொரு நூல் நுழைந்துவிட்டது. உரையாசிரியர்கள் இப்படிப் படிக்கவில்லை. தமிழ் ஆசிரியர்கள் என்னைக் கோபித்துக்கொள்ளலாம். கணக்கு டீச்சர் இப்படித்தான் படிப்பாள்.

கந்தல், கந்தை என்று நாம் முகம் சுளிக்கிற சொல்லின் உறவுக்காரச் சொல் வங்காளத்தில் இருக்கிறது: காந்தா. அங்கே அது கலை. இற்றுப்போன சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கடுக்காக வைத்து, பழைய சேலையின் கரையிலிருந்தே நூலை உருவி, வெறும் ஓட்டுத் தையலால் தாமரையும் மீனும் யானையும் வரைவார்கள். பிறந்த குழந்தையை அதில்தான் சுற்றுவார்கள். கவிஞர் ஜசீமுத்தீன் 1929-இல் எழுதிய ஒரு நீண்ட கதைப்பாடலின் பெயரிலேயே காந்தா இருக்கிறது. ஓட்டுத் தையல் என்பது ஊசியைப் பிடித்த முதல் நாள் ஒரு குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கும் தையல். அதை வைத்துக்கொண்டே வங்காளத்துக்காரர்கள் இந்தக் கலையைச் செய்தார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் வழக்கு ஒருதலைப்பட்சமாகிவிடும். உத்தரப்பிரதேசத்தில் நஜிபாபாத் என்று ஓர் ஊர். அங்கே ரஃபூகர்கள் என்ற கைவினைஞர்கள். விலை உயர்ந்த காஷ்மீர் சால்வையில் பூச்சி அரித்த ஓட்டையை, இழைக்கு இழை கோத்து, ஓட்டை இருந்த இடமே தெரியாமல் நெய்து மூடிவிடுவார்கள். அவர்களுடைய கேள்வி "தெரியுமா?" தான்! தெரிந்தால் அவர்களுக்குத் தோல்வி. அந்தக் கையின் முன்னால் நான் கும்பிடத்தான் முடியும். ஆனால் அதற்கு அவர்கள் கொடுத்த விலையைப் பாருங்கள். வேலை தெரியாமல் இருந்ததால் வேலை செய்தவரும் தெரியாமல் போனார். நஜிபாபாத்தைப் பூர்வீகமாகக் கொண்ட பிரியா ரவீஷ் மெஹ்ரா என்ற நெசவுக் கலைஞர் அந்த ரஃபூகர்களை உலகத்துக்குத் தெரியவைப்பதற்காகவே பல ஆண்டுகள் உழைத்தார். 2018-இல் மறைந்துவிட்டார்.

பாரசீகக் கம்பள நெசவாளர்கள், கடவுள் மட்டுமே குறையற்றவர் என்பதற்காக வேண்டுமென்றே ஒரு முடிச்சைத் தவறாகப் போடுவார்கள் என்று ஒரு கதை ஊரெல்லாம் சுற்றுகிறது. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. வேண்டுமென்றே தப்புச் செய்ய வேண்டிய நிலையில் யார் இருக்கிறோம்? தானாகவே வருகிறதே! நம் வீட்டுக் கிழவிகள் இதில் கெட்டிக்காரிகள். குழந்தையைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, அழகு கூடிவிட்டது என்று தோன்றியதும் கன்னத்தில் மையால் ஒரு திருஷ்டிப் பொட்டு. இவ்வளவு அழகு ஆகாது, கொஞ்சம் குறை இருக்கட்டும். அந்தக் குழந்தை வளர்ந்து ஒரு மார்க் குறைத்து வாங்கினால் மட்டும் ஏன் வீட்டில் இழவு விழுந்தது போல் உட்காருகிறோம்?

இனி என் கதைக்கு வருகிறேன். ஓய்வு பெற்ற வருடம். கட்டிக்கொண்டு போன பச்சைப் பருத்திச் சேலை ஆட்டோவின் கம்பியில் மாட்டி, ட-வைப் போலக் கிழிந்தது. அம்மாவுக்கு அப்போது எண்பத்து நாலு வயது; கண் மங்கிவிட்டது. நானே தைக்க உட்கார்ந்தேன். பச்சை நூல் அகப்படவில்லை. டப்பாவில் சிவப்பு இருந்தது. முப்பத்து நான்கு வருடம் சிவப்பு மையோடு வாழ்ந்தவளுக்கு வேறு எது அகப்படும்? பரவாயில்லை என்று ஆரம்பித்தேன்.

முதல் வரிசை கோணல். பிரித்தேன். மறுபடி தைத்தேன், ஒரு தையல் நீளம், ஒரு தையல் குட்டை. பிரித்தேன். மூன்றாவது முறை சுருக்கு விழுந்தது. பிரித்தேன். நான்காவது முறை பிரிக்கும்போது பார்த்தால், விரல் நுனி அளவு இருந்த ஓட்டை ரூபாய்க் காசு அளவாகிவிட்டது! ஊசி ஏறி இறங்கி, நூலை உருவி உருவி, நல்லபடியாக இருந்த துணியும் நைந்துவிட்டது. துணியைக் கிழித்தது ஆட்டோக் கம்பி. ஓட்டையைப் பெரிதாக்கியது நான்.

அம்மா கையால் தடவிப் பார்த்தாள். "பிரிச்சுப் பிரிச்சுத் தெச்சா துணி எப்படி கண்ணு நிக்கும்?" என்றாள். பிறகு சொல்லிக் கொடுத்தாள். நான் பி.எட். படித்தவள், அவள் மூன்றாம் வகுப்பு. நல்ல வாத்தியார் யார் என்று அன்று தெரிந்தது.

முதல் பாடம்: ஓட்டையில் ஆரம்பிக்காதே. ஓட்டைக்கு ஒரு விரற்கடை தள்ளி, துணி எங்கே கெட்டியாக இருக்கிறதோ அங்கே ஆரம்பி. பிடிப்பு அங்கேதான் இருக்கிறது. ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைக் கத்தரிக்காதே. புது இழை பழையதோடு பின்னிக்கொள்ள அந்தப் பிசிறு வேண்டும். கேட்டீர்களா! வாழ்நாள் எல்லாம் வெட்டி எறிந்த பிசிறு, தைக்கும்போது வேண்டியிருக்கிறது.

நூல் ஒரு முழம் போதும். நீளமாக எடுத்தால் நேரம் மிச்சம் என்று தோன்றும், பாதியில் சிக்கும். கீழே ஒரு டம்ளரைக் கவிழ்த்து அதன் மேல் துணியை வை. முதலில் மேலும் கீழுமாக வரிசை வரிசையாக இழை ஓட்டு, அதுதான் பாவு. பிறகு குறுக்கே, ஒன்றை விட்டு ஒன்றாகக் கோத்துக்கொண்டு போ, அதுதான் ஊடை. திரும்பும் இடத்தில் நூலைத் துளி தளர்வாக விடு; துவைத்தால் நூல் சுருங்கும். பனியன் துணி என்றால் இன்னும் கவனம் வேண்டும். அறுந்த கண்ணியை முதலில் ஊசியால் பிடித்துக்கொள்ளாவிட்டால் ஏணிப்படி மாதிரி இறங்கிக்கொண்டே போகும். அது உங்களுக்குத் தெரியாததா?

இழுத்துப் பிடிக்காதே. இதை அம்மா எத்தனை முறை சொல்லியிருப்பாள்! இறுக்கி இழுத்தால் கெட்டியாக நிற்கும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. பழைய துணி பலம் இழந்தது. புது நூல் பலமானது. இறுக்கினால் நூல் அறாது. சுற்றியிருக்கும் துணிதான் கிழியும். ஓர் ஓட்டையைச் சுற்றிப் புதிதாக நாலு ஓட்டை வரும். ஆகவே நூலும் துணியைப் போல மெல்லியதாக இருக்க வேண்டும், கையும் மெதுவாக இருக்க வேண்டும். இந்த இடத்தில் எனக்கு ஊசி நின்றுவிட்டது. எத்தனை பிள்ளைகளை நான் இறுக்கி இழுத்திருக்கிறேன்? என் நூல் அறவில்லைதான்.

இந்தக் கைத்தையல் பூமியையே காப்பாற்றும் என்று சிலர் பேசுகிறார்கள். சாயம் கலந்து ஓடிய நொய்யல் ஆற்றைப் பார்த்தவர்கள் நாம். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது இந்த ஊர் தவித்த தவிப்பும் நமக்குத் தெரியும். அதற்கு முன்பு ஆற்றோரத்து விவசாயி தவித்த தவிப்பும் தெரியும். ஒரு சட்டையைக் கூடுதலாக இரண்டு வருடம் உடுத்தினால் அந்த அளவுக்குச் சாயமும் தண்ணீரும் மிச்சம், அது உண்மை. என் சிவப்புத் தையலால் ஆறு சுத்தமாகிவிடும் என்று சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். நான் அவ்வளவு பெரிய கணக்குப் போடவில்லை.

அம்மா சொன்னபடி ஐந்தாவது முறை தைத்தேன். கோணல்தான். இரண்டு தையல் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கிறது. ஒரு மூலையில் லேசாகச் சுருக்கு. பிரிக்கக் கை பரபரத்தது. அம்மா கையை நீட்டி வாங்கினாள். இரண்டு பக்கமும் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாள். நின்றது. "பரவால்ல" என்றாள்.

பரவாயில்லை! இதைவிடப் பெரிய பாராட்டை என் அம்மாவிடம் நான் வாங்கியதில்லை. தமிழர்கள் பாராட்டவும் இந்தச் சொல், ஆறுதல் சொல்லவும் இந்தச் சொல், மன்னிக்கவும் இந்தச் சொல். சமையல் எப்படி? பரவாயில்லை. காலை மிதித்துவிட்டேனே? பரவாயில்லை. "பர்வா" என்பது பாரசீகத்திலிருந்து உருது வழியாக நம்மிடம் வந்தது. கவலை என்று பொருள். அதன் வாலில் நம் "இல்லை"யைச் சேர்த்துத் தைத்துக்கொண்டோம். வேற்றிழைதான். எவ்வளவு காலமாக நிற்கிறது பாருங்கள்!

நான் இப்போது கட்டியிருப்பது அந்தப் பச்சைச் சேலைதான். பின்வரிசைக்குத் தெரியாதென்றால், இதோ முந்தானையைத் தூக்கிக் காட்டுகிறேன். இதோ, இந்தச் சிவப்பு. ஏழு வருடமாகத் துவைத்துக் கட்டுகிறேன். வருகிற வழியில்கூட பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண், "அக்கா, இது டிசைனுங்களா?" என்று கேட்டாள். இல்லை, கிழிசல் என்றேன். அவள் தன் சுடிதார் கையைத் திருப்பிக் காட்டினாள். அங்கே ஒரு சேஃப்டி பின். இரண்டு ஸ்டாப்பிங் வரை கிழிசல்களைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம்.

வாசலில் ஒரு மேசை போட்டு வைத்திருக்கிறோம். அதில் ஊசிகளும், எல்லா நிறத்திலும் நூல்கண்டுகளும், கவிழ்த்த டம்ளர் நாலும் இருக்கின்றன. உங்களில் யாருக்காவது பட்டன் அறுந்திருக்கும், பை கிழிந்திருக்கும், துப்பட்டா ஓரம் பிரிந்திருக்கும். உட்கார்ந்து தைத்துவிட்டுப் போகலாம். நேரம் இல்லாதவர்கள் ஓர் ஊசியை எடுத்துக்கொண்டு போகலாம். விளக்கு வைத்த பிறகு ஊசி கொடுக்கக் கூடாது என்பாள் என் அம்மா. பக்கத்து வீட்டார் கேட்டு வந்தாலும் "காலையில வாங்க" என்று அனுப்பிவிடுவாள். மணி ஏழரை ஆகிவிட்டது. பரவாயில்லை, எடுத்துக்கொள்ளுங்கள்.